பாண்டியில் இரண்டு நாள்

எங்கள் பக்கத்தில் பாண்டிக்குப் போகிறேன் என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும். ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க, கல்யாணத்துக்குப் புடவை எடுக்க, பெரியாஸ்பத்திரியில் யாரையாவது பார்க்க. வேலை முடிந்ததும் பொழுதோடு பஸ்ஸைப் பிடித்து எங்கள் ஊரான பாகூருக்கு வந்து சேர்ந்துவிட வேண்டும். சும்மா போய், அங்கேயே தங்கி, ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டு வருவதெல்லாம் பெங்களூர்க்காரர்கள் செய்கிற காரியம். அதை நாமும் செய்ய வேண்டும் என்று என் வீட்டுக்காரருக்கு ஓர் ஆசை.

அவருக்கு அந்த ஆசை வந்ததில் அதிசயம் ஒன்றும் இல்லை. டிராவல்ஸ் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். சனி, ஞாயிறு என்றால் ஒயிட் டவுனில், அந்தப் பழைய பிரெஞ்சுக்காரர் தெருக்களில்தான் டூட்டி. எந்த ஓட்டலுக்கு எந்த நிழலில் வண்டியை நிறுத்தலாம், எந்த வாட்ச்மேன் குடிக்கத் தண்ணீர் கொடுப்பார், மியூசியத்துக்குள் போன கூட்டம் எப்போது வெளியே வரும், எல்லாம் அத்துப்படி. உள்ளே என்ன இருக்கிறது என்பது மட்டும் தெரியாது.

"உள்ள போயி அவ்ளோ நேரம் இன்னாதான் துன்றாங்கன்னு ஒரு நாளு பாத்துடணும்டி" என்பார்.

"துன்னுட்டு வெளிய வர்றவங்களக் கேக்க வேண்டியதுதானே?"

"கேட்டனே. முட்டை தோசைய மடிச்சி உள்ள சீஸ் வச்சாப்புல ஒண்ணுன்னாங்க. அதுக்கா மத்தியானம் பூரா?"

அந்த மே மாதம் நான் வேலை பார்க்கும் நர்சரி பள்ளிக்கு லீவு விட்டதும் திட்டம் போட உட்கார்ந்தார். வெயிலில் கூட்டம் குறையும், நல்ல அறையாகக் கிடைக்கும் என்றார். இரண்டு நாள். விடியற்காலையில் வாடகை சைக்கிள், வெயில் ஏறுவதற்குள் மஞ்சள் சுவர்த் தெருக்களில் ஒரு சுற்று, நடுவில் காபி. அப்புறம் மியூசியம். மத்தியானம் அந்த முட்டை தோசை. சாயங்காலம் ஏதோ ஒரு பழைய வீட்டு முற்றத்தில் பாட்டுக் கச்சேரி. பக்கத்துப் பக்கத்து இடங்களுக்குக்கூட நேரம் ஒதுக்கி வைத்திருந்தார்.

"கெஸ்ட்டுக்குப் போடற மாதிரியே போட்டிருக்கீங்க. டிரைவர் எப்ப டீ குடிப்பாரு?" என்று கேட்டேன்.

"டிரைவருக்கு லீவு" என்றார். அவர் முகமெல்லாம் சந்தோஷம்.

சைக்கிள் விஷயத்தில்தான் எனக்குப் பயம். கல்யாணத்துக்கு முன்னால் ஓட்டியது. அதனால் அக்கம்பக்கத்தில் இரண்டு சைக்கிளை இரவல் வாங்கி, சாயங்காலங்களில் பாகூர் ஏரிக்கரையில் பழகினோம். அவர் இதற்கென்றே சாம்பல் நிறத்தில் முக்கால் பேண்ட் ஒன்று வாங்கியிருந்தார். ஜென்மத்தில் வேட்டியும் யூனிபார்ம் பேண்ட்டும் தவிர வேறு எதையும் அவர் இடுப்பில் நான் பார்த்ததில்லை. ஆடு ஓட்டி வந்தவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். எதிர்வீட்டுக்காரி, "இன்னாக்கா, ஹனிமூனா?" என்று கேட்டாள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அவரோ கூச்சமே இல்லாமல், "ஆமாம்மா, அப்ப போவல. இப்பப் போறோம்" என்றார்.

ஒரு நாள் நான் கரையிலிருந்து சைக்கிளோடு சரிந்து காய்ந்த ஏரிக்குள் உட்கார்ந்துவிட்டேன். தூக்கிவிட வந்தவர் சிரிப்பு தாங்காமல் தானும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். என் வாழ்க்கையில் நான் நன்றாக இருந்த நாட்களைச் சொல்லச் சொன்னால் அந்தச் சாயங்காலங்களைத்தான் சொல்வேன்.

எத்தனையோ கெஸ்ட்டுகளை அவர் வாசலில் இறக்கிவிட்ட லாட்ஜ் ஒன்று ஒயிட் டவுனில் உண்டு. அந்த லாட்ஜில்தான் போன் மூலம் அறை சொல்லி வைத்திருந்தார். பையோடு கிளம்பிப் போன அன்றுதான் அவர் முதல் தடவையாக அதன் வாசலுக்குள் நுழைந்தார். வரவேற்பில் இருந்த பெண் அடையாள அட்டையைக் கேட்டாள். கொடுத்தார். அட்டையைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள்.

"சார், நீங்க லோக்கலா?"

"ஆமாம்மா, பாகூர்" என்றார், பெருமையாக.

அவள் முகம் மாறிவிட்டது. "லோக்கல் அட்ரஸுக்கு ரூம் குடுக்கக் கூடாதுன்னு ஓனர் சொல்லி இருக்காரு சார். லோக்கல் ஆளுங்க ரூம் எடுத்துக் குடிச்சிட்டு கலாட்டா பண்றாங்களாம்."

"நாங்க புருசன் பொண்டாட்டிம்மா."

இந்த வயசில், பையோடு நின்று, ஒரு சின்னப் பெண்ணிடம் அதைச் சொல்ல வேண்டி வந்ததே என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "எங்க ஊர்ல எங்களுக்கே எடமில்லன்னா இன்னா அர்த்தம்? கூப்புடு உங்க ஓனர!" என்று கத்தினேன்.

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். "எனக்கும் உங்க பக்கந்தான், குருவிநத்தங்க்கா. நான் வந்து கேட்டாலும் இங்க ரூம் கெடைக்காது."

அவர் என் முழங்கையைப் பிடித்து வெளியே அழைத்து வந்தார். "வுடுடி. அது இன்னா பண்ணும், பாவம்."

வாசலுக்கு எதிரே வாடகை சைக்கிள்கள் வரிசையாக நின்றன. அதையாவது எடுப்போம் என்றேன். அங்கேயும் அட்டை கேட்பார்கள் என்று அவருக்குத் தெரியும். "வேணாம். அந்தக் கார்ட இன்னொரு வாட்டி நீட்ட என்னால முடியாது" என்றார். அந்தக் குரலை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. சாப்பிடவாவது போகலாம் என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். அந்த முட்டை தோசை ஓட்டல்தான். வாசல் வந்ததும் அவர் கால்கள் தானாக எதிரே இருந்த மரத்தடிக்குப் போய்விட்டன. டிரைவர்கள் நிற்கிற மரம். அங்கேயே நின்றுவிட்டார். அதன் பிறகு நான் இழுக்கவில்லை.

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பரோட்டா சாப்பிட்டோம். இரண்டு நாள் என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்ததால் உடனே திரும்பவும் முடியவில்லை. வெயில் தாழும்வரை கடற்கரையில் பையை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வீடு திரும்பியதும் எதிர்வீட்டுக்காரி கேட்டபோது, "அவசரமா டூட்டி வந்துடுச்சிம்மா" என்று சொன்னார். பையைப் பிரிக்காமல் பீரோ மேல் போட்டார். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று நான் சொன்னதற்குத் தலையை மட்டும் ஆட்டினார்.

அந்த மழைக்காலத்தில் அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஒரு நாள் காலையில் வார்த்தை வரவில்லை. ஆட்டோவில் ஏற்றும்போது கைக்கு அகப்பட்டது பீரோ மேல் இருந்த அந்தப் பைதான். பெரியாஸ்பத்திரியில் விழுப்புரம், திண்டிவனம் என்று தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். சீட்டு போடுகிறவர் அவர் அட்டையை வாங்கிப் பார்த்துத் தன்னிடமே வைத்துக்கொண்டார்.

"பாகூரா? லோக்கல்தானே? நேரா உள்ள கூட்டிட்டுப் போங்க."

சக்கர நாற்காலியில் இருந்தவர் என்னை அண்ணாந்து பார்த்தார். மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவில், "பாத்தியாடி... ரூமு குடுத்துட்டாங்க" என்றார். சிரித்தேன். சிரித்துக்கொண்டே அழுதேன்.

அங்கே அவருக்கு முடிந்ததையெல்லாம் செய்தார்கள். கட்டில் ஜன்னலோரம். பையிலிருந்த முக்கால் பேண்ட்டை, சௌகரியமாக இருக்கிறது என்று போட்டுக்கொண்டார். ஜன்னலுக்குக் கீழே ஒயிட் டவுன் தெரு. மழை விட்ட காலைகளில் வெளியூர்க்காரர்கள் கூட்டமாக சைக்கிளில் போவார்கள். தலையணையில் சாய்ந்தபடி எனக்குச் சொல்லிக்கொண்டே வருவார். "இப்பதான் கெளம்பி வர்றாங்க. பாரு, அந்த மூலையில லெப்ட்ல திரும்புவாங்க. காபிக்கு." அவர் சொன்னபடியே திரும்புவார்கள். "தேறி வந்து நாமளும் போவோம்" என்று நான் சொல்வேன். "கார்டு கேப்பாங்களே" என்பார்.

ஒரு விடியற்காலையில், நான் வெந்நீர் வாங்கிக்கொண்டு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நர்ஸ் முகத்தை மூடிவிட்டு, கீழே போய் அட்டையைத் திருப்பி வாங்கிக்கொள்ளச் சொன்னார். நான் போகவில்லை. ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மழை விட்டிருந்தது. சைக்கிள்கள் வந்தன. கடைசியாக வந்த பெண்ணுக்கு என் வயது இருக்கும், தடுமாறித் தடுமாறி ஓட்டினாள். பின்னால் அவள் புருஷன் சிரித்துக்கொண்டே வந்தான். அவர்கள் மேல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. நேராகப் போய்விடுங்கள், இன்றைக்கு ஒரு நாளாவது வேறு எங்கேயாவது போய்த் தொலையுங்கள் என்று மனசுக்குள் கத்தினேன். மூலை வந்ததும் இரண்டு பேரும் இடப்பக்கம் திரும்பினார்கள்.