என் சிநேகிதிக்குப் போர்த்திய பொன்னாடை

கோபத்தை ஆறவிட்டு எழுது என்கிறார்கள். ஆறினால் எழுதவே மாட்டேன்.

ஊரை விட்டு வந்து மோர்னிங்சைட்டில் நாங்கள் இருக்கிற அடுக்குமாடியில், எனக்குக் கீழ்த்தளத்தில் ஒரு சீனப் பெண்மணி இருக்கிறா. ஊரில் இலக்கியம் படிப்பித்தவ. லோன்றி அறையில்தான் பழக்கம். உடுப்புகள் சுழலும், நாங்களும் எங்கள் அரைகுறை ஆங்கிலத்தில் சுழன்றுகொண்டிருப்போம். உங்கள் மொழியில் புதிய கதை எப்படித் தொடங்கியது என்று ஒருநாள் கேட்டேன். சீனத்தில் முதல் நவீனக் கதை எழுதியவர் என்று உலகம் முழுக்கத் தெரிந்த அந்த ஆணின் பெயரைத்தான் சொல்வா என்று நினைத்தேன். உதட்டைச் சுழித்தா.

"அவருக்கு முன்னால் ஒரு பெண்பிள்ளை இருந்தாள்" என்றா.

அந்தப் பெண்பிள்ளை நூறு வருசத்துக்கு முன்னம் அமெரிக்காவுக்குப் படிக்கப் போனவள். அந்தக் காலத்தில் சீனத்தில் எழுதுவதென்றால் படித்தவர்களின் பழைய எழுத்துமொழியில்தான் எழுத வேண்டும். வாய் பேசுகிற மொழி சந்தைக்கும் அடுப்படிக்கும்தான். இவளோ, பெண்கள் விடுதியில் தன்னைச் சுற்றி நடந்த ஒரு நாளை வாய் பேசுகிறபடியே எழுதினாள். பிள்ளைகள் பிந்தி எழும்புகிறார்கள். காலைச் சாப்பாட்டுக்கு, பாண் முடியமுதல், ஓடுகிறார்கள். சீனப் பெண்ணைப் பிடித்து வைத்து உங்கள் ஊரில் என்ன சாப்பிடுவீர்கள் என்று விசர்க் கேள்வி கேட்கிறார்கள். பிறகு படுக்கிறார்கள். அவ்வளவுதான். அந்தப் பெரிய ஆணின் புகழ்பெற்ற கதைக்கு முன்பே அது ஒரு மாணவர் சஞ்சிகையில் வந்துவிட்டது. கடல் கடந்த சஞ்சிகை, வாசித்தவர்கள் கொஞ்சம். பின்னால் வந்த பெரியவர்கள் புரட்டிப் பார்த்துவிட்டு, இதில் கதை எங்கே, வெறும் அலட்டல் என்று ஓரத்தில் தள்ளிவிட்டார்கள்.

நாங்கள் இருவரும் அதைத் தமிழாக்கினோம். அவ ஒரு வரி சீனத்தில் வாசிப்பா, ஆங்கிலத்தில் சொல்வா, நான் தமிழில் எழுதுவேன். முதலில் நல்ல இஸ்திரி போட்ட தமிழில் எழுதி வாசித்துக் காட்டினேன். ஒரு சொல்லும் விளங்காமலே தலையை இல்லையென்று ஆட்டினா. "கோயிலில் ஓதுவது போலக் கேட்கிறது. பிள்ளைகள் ஓடவில்லையே."

கிழித்துப் போட்டேன். எங்கள் வாய்த்தமிழில் திரும்ப எழுதினேன். "எடியே எழும்படி, பாண் முடியப்போகுது!" என்று விடுதியில் ஒருத்தி கத்தினாள். இப்போது ஓடினார்கள்.

படிப்பித்த காலம் முழுக்க அந்தக் கதையை வகுப்பில் வாசிக்க அவவுக்கு இடம் கிடைக்கவில்லை. பாடத்தில் இல்லாத கதை. "ஒரு மண்டபத்தில் ஆட்கள் இருந்து இதைக் கேட்பதை ஒரே ஒரு தடவை பார்க்க வேண்டும்" என்றா. அதற்காகத்தான் எங்கள் இலக்கிய வட்டத்தின் கூட்டத்தில் நேரம் கேட்டேன். தந்தார்கள்.

நோட்டீஸ் வட்ஸ்அப்பில் வந்தது. என் தலைப்புக்கு மேலே அந்தப் பெரிய ஆணின் படம்! வட்டத் தலைவரான அண்ணைக்குப் போன் அடித்தேன்.

"அண்ணை, நான் உவரைப் பற்றிப் பேசேல்லை."

"தெரியும் பிள்ளை. உன்ரை ஆளின்ரை முகம் ஆருக்குத் தெரியும்? உவற்றை படத்தைப் போட்டால் தூரத்து ஸ்ரௌவ்விலிலை இருந்தும் சனம் வரும்."

"வந்த சனம் உவரைத் தேடாதே?"

"ரெண்டு வசனம் உவரைப் பற்றியும் சொல்லிவிடன். உனக்கென்ன குறையப்போகுதே?"

கூட்ட நாள். வாசலில் பனி உருகத் தூவிய உப்பும் பனியும் சப்பாத்துகளோடு உள்ளே வந்து கறுப்புச் சேறாய்க் கிடந்தன. என் சிநேகிதி முன்வரிசையில், தலை வாரி, நல்ல கோட்டுப் போட்டு, கைகளை மடியில் வைத்தபடி. விளக்கேற்றினார்கள். வரவேற்றார்கள். வாழ்த்தினார்கள். அண்ணையின் தலைமையுரை முழுக்க அந்தப் பெரிய ஆண்தான்: பிறந்தது, வளர்ந்தது, புரட்சி செய்தது. ஒஷாவாவிலிருந்து வந்தவர் ஒருவர் அதையே கவிதையாகச் சொன்னார். என்னைக் கூப்பிட்டார்கள். நான் வாய் திறக்கமுதலே துண்டு வந்துவிட்டது: சுருக்கவும். பேசத் தொடங்காதவள் எதைச் சுருக்குவது?

அதற்குள் அண்ணை மைக்கை வாங்கினார். "ஒரு சின்ன விசயம். சீன நாட்டின் சார்பிலே எங்கள் மத்தியில் ஒரு விருந்தினர்!"

என் சிநேகிதியை மேடையில் ஏற்றினார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். செயற்குழுவெல்லாம் ஏறிப் படம் எடுத்தது; பிறகு மகளிர் அணி; பிறகு படத்தில் விடுபட்டவர்கள். என் நேரம் அந்தப் பொன்னாடைக்குள் சுருண்டு போனது. கதை வாசிப்பு இப்படித்தான் தொடங்கும் என்று நினைத்து அவ எல்லாரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றா. நன்றியுரை தொடங்கியது. அவ என்னைத் திரும்பிப் பார்த்து, "இப்போது வாசிக்கிறாயா?" என்று கேட்டா.

அந்தக் கேள்வியைத் தாங்க எனக்கு உடம்பு காணாது.

மைக்கை அணைத்துவிட்டார்கள். சனம் றோல்ஸுக்கும் தேத்தண்ணிக்கும் எழும்பிவிட்டது. நான் அந்தச் சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு ஏறினேன். "எடியே எழும்படி! பாண் முடியப்போகுது!"

"ஆரைப் பேசுறா உவ?" என்றா ஒருத்தி, வாய் நிறைய றோல்ஸோடு.

"கதையாமடி. பேசாமல் கேள்."

கோபத்தில் வாசித்தேன். பிள்ளைகள் என் வாயிலிருந்து கோபமாகவே எழும்பினார்கள், கோபமாகவே ஓடினார்கள். விசர்க் கேள்வி வந்த இடத்தில் றோல்ஸ்காரி சிரித்துவிட்டா. "உதைத்தானே என்னட்டையும் வேலையிலை கேக்கிறவை" என்றா. கதிரை அடுக்குகிற சத்தத்துக்கு மேலால் கடைசி வரிவரைக்கும் வாசித்தேன்.

அண்ணை வந்தார். "குரல்வளம் இருக்கு பிள்ளை. ஆனா உது மேடைத் தமிழில்லை. அதோட, உதிலை கதை எங்கை?"

காரில் அதைச் சிநேகிதிக்குச் சொன்னேன். அவ பொன்னாடையைக் கழற்றி, ஒழுங்காக மடித்து, மடியில் வைத்தா. "அதே கேள்வி" என்றா. பிறகு, "ஆனால் ஒருத்தி சிரித்தாள். பார்த்தேன்."

அவவுக்கு அது காணும். எனக்குக் காணாது.

மறுநாள் வட்டத்தின் வட்ஸ்அப் குழுமத்தில் படம் வந்தது. பொன்னாடையில் என் சிநேகிதி, பின்னால் பதாகையில் அந்தப் பெரிய ஆண். கீழே 'சீன எழுத்தாளர் கௌரவிப்பு'. எந்த எழுத்தாளரை என்று கேட்டேன். கும்பிடும் கை ஒன்று வந்தது.

இப்போது காலை தோறும், காலை வணக்கம் சொல்லும் ரோசாப்பூப் படங்களுக்கு நடுவே, அந்தப் பெண்பிள்ளையின் கதையில் ஒரு பந்தியைக் குழுமத்தில் போடுகிறேன். கதை முடிந்ததும் திரும்பவும் தொடக்கத்திலிருந்து போடுகிறேன். அண்ணை நிறுத்தச் சொல்லி எழுதியிருக்கிறார். அதற்குக் கீழேயும் போட்டேன்:

எடியே எழும்படி, பாண் முடியப்போகுது.