ஆணிக்கு ஒரு சாவி

என் நாத்தனாருக்கு வசதி போதாது என்று முதலில் கண்டுபிடித்தவள் நான்தான். அதை இப்போதே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

அவள் சலவைக்கடையில் இஸ்திரி போடுபவள். கடைக்குப் பின்னாலேயே ஒற்றை அறை வீடு. வெயில் காலத்தில் அறைக்கும் இஸ்திரிப்பெட்டிக்கும் சூட்டில் வித்தியாசம் தெரியாது. வாசலருகே ஒரு பலகை, அதில் வரிசையாக ஆணிகள், ஆணிக்கு ஒன்றாகப் பதினோரு சாவிகள். எல்லாம் கடைக்கு மேலே மாடிகளில் குடியிருப்பவர்களுடையவை. முதல் மாடி நர்ஸ் டூட்டிக்குப் போயிருக்கும்போது அந்த நர்ஸின் பிள்ளைகள் பள்ளிவிட்டு வந்து சாவி வாங்கிக்கொள்வார்கள். டாக்சி டிரைவர் தன் சாவியைத் தொலைக்காத மாதமே கிடையாது. மூன்றாம் மாடி வாத்தியார் வெளியூர் போனால் அவருடைய செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவதும் இவள்தான். இவளுடைய சாவி நர்ஸிடம் இருந்தது. அதனால் வெளியே போகும்போது சாவியை எடுத்துக்கொள்ளும் பழக்கமே இவளுக்கு வரவில்லை.

அடுத்த தெருவில் இருக்கும் எங்கள் வீட்டுச் சாவி மட்டும் அந்தப் பலகையில் கிடையாது. நாத்தனார் கையில் வீட்டுச் சாவியைக் கொடுக்க நான் என்ன அசடா?

வெளியூரில் நல்ல வேலையில் இருக்கும் அவள் மகன், இந்த ஊரிலேயே அவளுக்காக ஒரு ஃபிளாட் வாங்கினான். இவள் போக மாட்டேன் என்றாள். விடாமல் நச்சரித்தவள் நான்.

"இந்த அறையில வெந்தது போதும்க்கா. இனிமேலாவது மகாராணி மாதிரி இருங்க."

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க மாடி மாடியாக ஏறிச் சாவிகளைத் திருப்பிக் கொடுத்தாள். நர்ஸின் மகள் வாங்க மாட்டேன் என்று கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாளாம்.

புது வீடு ஏழாம் மாடி. பளிங்குத் தரை, குழாயைத் திருகினால் வெந்நீர். நான்கே மாதத்தில் தூக்கம் போயிற்று, ரத்த அழுத்தம் ஏறிற்று. டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார். நானும் உப்பின்மேல்தான் பழியைப் போட்டேன்.

ஒரு மதியம் அவளுக்கு ஐந்து முறை போன் செய்தும் எடுக்கவில்லை. அவசரத்துக்கு இருக்கட்டும் என்று அவள் மகன் என்னிடம் கொடுத்திருந்த மாற்றுச் சாவியை எடுத்துக்கொண்டு பஸ் பிடித்து ஓடினேன். ஏழாம் மாடிப் படிக்கட்டில், காலிக் குப்பைக்கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குப்பை கொட்டிவிட்டு வருவதற்குள் கதவு தானாகப் பூட்டிக்கொண்டதாம். சாவி, போன் இரண்டும் உள்ளே. மூன்று மணி நேரமாக அப்படியே இருந்திருக்கிறாள்.

"எதிர் வீட்டு பெல்லை அடிச்சு ஒரு போன் கேட்டிருக்கலாமேக்கா?" என்று கத்தினேன்.

"நாலு தடவை கிட்டப் போனேன்டி. யாருன்னு கேட்டா என்ன சொல்றதுன்னு தெரியல. திரும்பி வந்து உக்காந்துட்டேன்."

பதினோரு வீட்டுச் சாவிகளை வைத்திருந்தவள் இவள். அழுகை வந்தது எனக்கு, என்மேலேயே ஆத்திரமும் வந்தது.

"வாங்க, பழைய இடத்துக்கே போயிடலாம்."

"அங்க வேற ஆள் வந்தாச்சு."

கதவைத் திறந்தேன். அவள் உள்ளே போகவில்லை. என் கையிலிருந்த சாவியை வாங்கிக்கொண்டு நேரே போய் எதிர் வீட்டு மணியை அடித்தாள். அங்கே ஒரு பல் டாக்டர் இருந்தார். கதவை அரைகுறையாகத் திறந்தார்.

"நான் எதிர் வீடுங்க. மறதி ஜாஸ்தி. இந்தச் சாவி உங்ககிட்ட இருக்கட்டும்."

அவர் சாவியையும் இவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னைப் பத்தி உங்களுக்கு ஒண்ணும் தெரியாதேம்மா?"

"தெரியாம நாலு மாசம் இருந்தது போதுங்க."

போன வாரம் போயிருந்தேன். வாசலருகே அந்தப் பழைய பலகை ஏறியிருந்தது. முதல் ஆணியில் மட்டும் ஒரு சாவி.

"டாக்டரோடது. மீன் தொட்டி வச்சிருக்காரு. அவரு ஊருக்குப் போனா நான்தான் தீனி போடணும்" என்று புது நகையைக் காட்டுவது போலக் காட்டினாள். இப்போது படுத்தவுடன் தூக்கம் வருகிறதாம்.

"மீதி பத்து ஆணி சும்மா கிடக்கே" என்று சீண்டினேன்.

"நிறையும், நிறையும்" என்றபடி டீ போட உள்ளே போனாள்.

கைப்பையைத் திறந்தேன். எங்கள் வீட்டு மாற்றுச் சாவி அதன் அடியில் கிடந்தது. இருபது வருடமாக அதை யாரிடமும் நான் கொடுத்ததில்லை. எடுத்து இரண்டாவது ஆணியில் மாட்டிவிட்டு, சர்க்கரை கொஞ்சமாகப் போடும்படி உள்ளே குரல் கொடுத்தேன்.