தங்கம் தேடப் போன லாரியும் பாவாயி அக்காவின் கிணறும்

இரும்புக் குழாய்கள் ஒன்றோடொன்று மோதும் சத்தம்... அதோடு டீசல் வாசனை. போதமலை அடிவாரம் என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் வருவது இவை இரண்டும்தான்.

அப்போது சேலத்தில் ஒரு நாளிதழில் சேர்ந்த புதிது. ராசிபுரத்துக்குக் கிழக்கே ஓர் ஓடைப் பக்கம், பாறைக்குள் தங்கம் இருக்கிறதா என்று பார்க்க அரசு ஆய்வுக் குழு வருவதாகத் தகவல். அந்த ஓடைக்குப் பேருந்து கிடையாது. சாமான் ஏற்றிப் போன லாரியிலேயே எனக்கும் இடம் கொடுத்தார்கள்.

ஓட்டியவர் திருச்செங்கோட்டுப் பழனியண்ணன். பக்கத்தில் குழுவின் நிலவியலாளர். தூத்துக்குடிக்காரர், அதிகம் பேசமாட்டார். ஓரத்தில் நான். பின்னால் டீசல் இன்ஜின், துளைபோடும் மெஷின், குழாய்கள், பாறைத் துண்டுகளை அடுக்கி வைக்க மரப்பெட்டிகள், ஓடை மணலை அலசிப் பார்க்க அகலத் தட்டுகள்.

"சார், தங்கம் வந்துச்சுன்னா எம்பட வண்டிக்கு ஒரு தங்க ஆரன் மாட்டிக் குடுத்துருங்க."

"வந்தா பாப்போம்" என்றார் நிலவியலாளர். வழி முழுக்க அவர் பேசியது அவ்வளவுதான்.

தார் ரோடு முடிந்து மண் தடம். அதுவும் ஒரு மரவள்ளிக் காட்டின் கிளுவை வேலியில் போய் முடிந்தது. எங்கள் பக்கம் மேட்டு விளைநிலத்தைக் காடு என்போம். ஓடை அந்தக் காட்டுக்கு அப்பால். காட்டுக்காரரிடம் வழி கேட்க இறங்கினால்... வேலி ஏற்கெனவே பிரிக்கப்பட்டிருந்தது. லாரி நுழையும் அகலத்துக்கு!

அந்த இடைவெளியில் ஓர் அம்மாள் தட்டோடு நின்றிருந்தார். தேங்காய், எலுமிச்சம்பழம், எரிகிற கற்பூரம்.

"வாங்க சாமி, வாங்க. இன்னைக்கு வருமா நாளைக்கு வருமான்னு இருந்தனுங்க. எந்தப் பக்கமுங்க நிறுத்தறீங்க?"

அவர்தான் பாவாயி அக்கா. காட்டுக்குச் சொந்தக்காரர். எங்கள் பக்கம் போர், அதாவது ஆழ்துளைக் கிணறு, போட ரிக் வண்டி வந்தால் பூஜை போடாமல் துளைக்க விடமாட்டார்கள். அந்த ஊருக்கு ஒரு போர் வரப்போவதாகப் பேச்சும் இருந்திருக்கிறது. இன்ஜினும் குழாயுமாக லாரி வருகிறது என்று யாரோ சொன்னதும், அதுதான் இது என்று நினைத்துத் தன் வேலியைத் தானே பிரித்துவிட்டார்.

பழனியண்ணனுக்கு உடனே புரிந்துவிட்டது. துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு கிட்டே போனார்.

"அக்கா, இது தண்ணி போர் இல்லீங்க. தங்கம் இருக்குதான்னு பாக்கற மெஷினுங்க."

"தங்கமா?" பாவாயி அக்கா லாரியையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார். "அதையக் கரைச்சுக் கெழங்குக்கு ஊத்தறதுங்களா?"

கற்பூரம் அதுவாகவே அணைந்தது.

"வேலிய வேற பிரிச்சுப்புட்டனே... சரி போங்க. பிரிச்சது பிரிச்சாச்சு."

இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. துளைபோடும் முனை சூடேறாமல் இருக்க, கீழே தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஓடையோ காய்ந்து கிடந்தது. பக்கத்தில் இருந்த ஒரே கிணறு பாவாயி அக்காவுடையது. நிலவியலாளர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபத்தில் வருகிற சிரிப்பு.

"தண்ணி குடுக்க வாரீங்கன்னு பாத்தா, தண்ணி கேக்க வந்திருக்கீங்க! எட்டிப் பாருங்க சாமி. மாட்டுக்கே பத்தல. இதையும் எறைச்சுப்புட்டீங்கன்னா, மாட்டைப் புடிச்சுட்டு நான் எங்கீங்க போறது?"

எட்டிப் பார்த்தோம். அடியில் ஒரு மூலையில் மட்டும் தண்ணீர் மினுங்கியது.

"சார், இந்தக் கெணத்துல கை வெக்க வேண்டாமுங்க" என்றார் பழனியண்ணன். "ராசிபுரத்துல இருந்து டிரம்முல நான் கொண்டாரேன்."

நிலவியலாளர் தலையாட்டினார்.

ஓடை மணலில் லாரி இறங்காது. தென்னை மட்டைகளைப் பரப்பி, இன்ஜினைக் கயிறு கட்டி இழுத்து, குழாய்களைத் தோளில் தூக்கி... அன்று பொழுது அதிலேயே போயிற்று. அடுத்த நாள் முதல் டிரம்கள் வந்தன. ஒவ்வொரு நடையிலும் ஒரு டிரம் பாவாயி அக்காவின் மாட்டுத் தொட்டிக்கு. யாரும் சொல்லவில்லை, பழனியண்ணனாக ஊற்றினார். அக்காவும் வேலி இடைவெளியில் குச்சியோடு நின்று, ஆடுகளை விரட்டி, லாரிக்கு வழிவிட்டார். நான் அவ்வப்போது போய்ப் பார்த்து வந்தேன்.

அப்படிப் போன ஒரு நாள், கீழே விட்டதைவிட அதிகமாகத் தண்ணீர் துளையிலிருந்து மேலே வந்துகொண்டிருந்தது. பாவாயி அக்கா ஓடிவந்தார்.

"இதைய மூடாதீங்க சாமி. அப்படியே உட்டுட்டுப் போயிருங்க."

வேலை முடிந்தால் துளையை அடைப்பது அவர்கள் விதி. தவிர அது கைப்பருமன் துளை. எந்த மோட்டாரும் இறங்காது. நிலவியலாளர் இதையெல்லாம் பொறுமையாகச் சொன்னார். அக்காவின் முகம் விழுந்துவிட்டது. நிலவியலாளர் பெட்டியில் இருந்த பாறைத் துண்டுகளை ஒருமுறை பார்த்தார். பிறகு தண்ணீர் வரும் பாறை வெடிப்பு போகிற திசையைக் கையால் காட்டிக்கொண்டே காட்டுக்குள் நடந்து, ஓரிடத்தில் நின்றார்.

"தங்கம் இருக்கா இல்லையான்னுதான் நான் வெளியில சொல்லக்கூடாது. தண்ணியைப் பத்திச் சொல்லலாம். இங்க போர் போடுங்கம்மா."

பழனியண்ணனின் மச்சான் ரிக் வண்டி வைத்திருந்தார். அந்த வண்டி வந்து அதே இடத்தில் துளைத்தது. தண்ணீர் வந்தது. தங்கம், வெட்டி எடுக்கும் அளவுக்கு இல்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

சமீபத்தில் வேறொரு செய்திக்காக அந்தப் பக்கம் போனேன். ஓடை வரைக்கும் இப்போது தார் ரோடு. என் சின்னக் கார் நேராகப் போய் நின்றது. பாவாயி அக்காவுக்கு வயதாகிவிட்டது, ஆளை அடையாளம் தெரிகிறது. காடு முழுக்கச் சொட்டுநீர்க் குழாய். கிழங்கு நன்றாக விளைந்து, பிடுங்கும் பருவம் தாண்டி நின்றது.

"தண்ணி இருக்குதுங்க சாமி, ஒரு கொறையும் இல்ல. புடுங்கறதுக்குத்தான் ஆளில்ல. இருந்த சனமெல்லாம் திருப்பூருக்குப் போயிருச்சு."

காரைப் பூட்டிவிட்டுச் சட்டைக் கையை மடித்தேன். இருட்டும் வரை இருவரும் பிடுங்கினோம். ஒரு வரிசைகூட முடியவில்லை...