சந்தேக வாளி

வீட்டைப் பூட்டிவிட்டு செவ்வாப்பேட்டை ஸ்டேஷன் வரைக்கும் நடந்து வந்த பிறகு, கேஸை மூடினேனா என்று திரும்பி ஓடியிருக்கிறேன். ஒரு தடவை இரண்டு தடவை இல்லை. அப்படி ஓடி எத்தனையோ ரயிலை விட்டிருக்கிறேன். ஒரு நாளும் கேஸ் திறந்திருந்ததில்லை. பள்ளிக்கூடத்தில் நான் எட்டாவதைத் தாண்டாததற்கும் இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். பரீட்சையில் எழுதியதை அழிப்பேன், மறுபடி அதையே எழுதுவேன், மறுபடி அழிப்பேன். மணி அடிக்கும்போது பாதித் தாள் காலியாக இருக்கும். ஃபெயிலானதும் அம்மா ஒரே வார்த்தைதான் சொன்னாள், "போதும்." முதலில் ஊறுகாய்க் கம்பெனி, அப்புறம் பிளாஸ்டிக் கம்பெனி, கடைசியில் காக்களூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் பந்துக் கம்பெனி.

பந்து என்றால் கோல்ஃப் பந்து. அந்த ஆட்டத்தை நான் டிவியில்தான் பார்த்திருக்கிறேன். அடிக்கிற பந்தில் நிறைய குளத்தில் போய் விழுந்துவிடுமாம். அதை இறங்கி அள்ளுவதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்களாம். பெங்களூர், ஹைதராபாத் பக்கத்திலிருந்து மூட்டை மூட்டையாக எங்களுக்கு வரும். அவிழ்த்தால் பாசி நாற்றம். சில மூட்டைகளில் செத்த நத்தைகூடக் கிடக்கும். நாங்கள் கழுவி, தரம் பிரித்து, மேல்தோலை மெஷினில் உரித்து, உள்ளே இருக்கும் ரப்பர் உருண்டைமேல் புதுத்தோல் வார்த்து, பெயின்ட் அடித்து டப்பாவில் அடுக்கினால் அது புதுப் பந்து. டப்பாவைப் பார்த்தால் குளத்தில் கிடந்தது என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

தரம் பிரிக்கிறது என் வேலை. எங்கள் மேஜைமேல் ஒரு கருங்கல் பலகை பதித்திருக்கும். பந்தைக் காது உயரத்திலிருந்து அதன்மேல் விட வேண்டும். 'டக்' என்று கேட்டால் உள்ளே கெட்டி ரப்பர். தட்டில் போடலாம். சத்தம் மந்தமாக வந்தால் நூல் பந்தாக இருக்கலாம். நூல் பந்து அந்தக் காலத்துச் சரக்கு. உள்ளே ரப்பர் நூலை இழுத்து இழுத்துச் சுற்றி, நட்டநடுவில் ஒரு சின்னப் பையில் ஏதோ ஒரு திரவத்தை நெருக்கி அடைத்திருப்பார்கள். மெஷினில் மாட்டி, பிளேடு கொஞ்சம் ஆழமாக இறங்கிவிட்டால் நூல் தெறிக்கும், உள்ளே இருப்பது பீய்ச்சி அடிக்கும். அதனால் அதைக் கழித்துவிட வேண்டும். சிக்கல் என்னவென்றால், வருஷக்கணக்கில் தண்ணீரில் ஊறிய கெட்டிப் பந்துகூட மந்தமாகத்தான் விழும். எது எது என்று தெரியாததைப் போடுவதற்குக் காலடியில் ஒரு பழைய பெயின்ட் வாளி இருந்தது. சந்தேக வாளி என்போம். அதில் விழுந்தது திரும்பி வராது, குப்பைக்குத்தான்.

என் வாளி எப்போதும் மற்றவர்களுடையதைவிடச் சீக்கிரம் நிறையும். கேட்டது 'டக்'தானா என்று மறுபடி விடுவேன். மூன்றாவது தடவை விடும்போது முதல் தடவை கேட்டது மறந்து போயிருக்கும். வாளியில் போட்டுவிடுவேன்.

உரிக்கிற மெஷினில் நின்றது எங்கள் தெரு அக்கா. என் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு. என்னை இந்த வேலையில் சேர்த்துவிட்டதே அவள்தான். இருவரும் ஒரே ரயிலில் திருவள்ளூர் போய், அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் எஸ்டேட்டுக்குப் போவோம். நான் கேஸைப் பார்க்கத் திரும்பி ஓடினால் பிளாட்பாரத்தில் நின்று கத்துவாள், "ஓடு ஓடு, ஊடு பத்திக்கினு எரியுது, இங்கருந்தே தெரியுது பாரு!" சுற்றி நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். ஆனால் எனக்காக ரயிலை விடவும் விடுவாள்.

தரம் பிரிக்கிற மேஜையில் நாங்கள் இரண்டு பேர். என் தட்டு நீலம். எதிரில் உட்காரும் பெண் செவ்வாப்பேட்டைக்கு அடுத்த ஊர், அவள் தட்டு மஞ்சள். யார் பிரித்தது என்று தெரிவதற்காக அந்த ஏற்பாடு. மெஷின் பக்கத்தில் ஓர் ஆணியில் கண்ணுக்குப் போடும் பிளாஸ்டிக் கண்ணாடி தொங்கும். போட்டால் இரண்டு நிமிஷத்தில் வியர்வையில் ஆவி பிடித்து ஒன்றும் தெரியாது என்று அக்கா திட்டிக்கொண்டே இருப்பாள். ஒரு நாள் மதியம் சாப்பிடும்போது என்னிடம் சொன்னாள்.

"மஞ்சத் தட்டு வந்தா கண்ணாடி போட்டுக்குவேன். நீலத் தட்டு வந்தா கழட்டி ஆணில மாட்டிடுவேன்."

"ஐயோ, இன்னாக்கா இது? போட்டுக்கக்கா."

"போடி. கேஸ மூணு தபா பாக்குறவ கையத் தாண்டி எந்த நூல் பந்துடி வந்துடும்?"

அப்போது ஒரு தடவை சொன்னதோடு சரி. அதற்குப் பிறகு நான் சொல்லவில்லை. அவள் நீலத் தட்டைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றுவதை என் இடத்திலிருந்தே பார்ப்பேன். எனக்குச் சந்தோஷமாக இருக்கும். என் பயத்தைப் பார்த்து சிரித்தவர்கள் உண்டு, எரிச்சல்பட்டவர்கள் உண்டு. அதை நம்பி ஒருத்தி கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்தது அங்கேதான்.

அந்த வருஷம் வெயில் தொடங்கும்போது ஒரு லோடு வந்தது. எங்கேயோ பழைய மைதானத்தில் குளத்தை வற்றவைத்துத் தூர் வாரினார்களாம். அடிச்சேற்றில் கிடந்ததெல்லாம் எங்களுக்கு வந்துவிட்டது. கழுவினாலும் பழுப்பு போகாத பந்துகள். கல்லில் விட்டால் பாதிக்குமேல் மந்தமாக விழுந்தன. மதியத்துக்குள் என் வாளி இரண்டு தடவை நிறைந்தது.

சூப்பர்வைசர் வந்து வாளியைக் காலால் லேசாக நகர்த்திப் பார்த்தார்.

"இன்னாம்மா, வாளியா இது? கோயில் உண்டியலா? எல்லாத்தியும் இதுலயே போட்டா மெஷினுக்கு இன்னாத்தப் போடுறது?"

"சத்தம் மந்தமா கீது சார்."

"அந்தப் பொண்ணும் அதே மூட்டைலதான பிரிக்குது? அதுக்கு வாளில அடி தெரியுது. மந்தம் பந்துல இல்லம்மா, உன் காதுலதான்."

எல்லோரும் சிரித்தார்கள். மெஷினுக்கு அந்தப் பக்கம் அக்காவும் சிரித்தாள். போகிறபோது அவர் திரும்பி நின்று சொன்னார், "நாளைக்கும் இப்டி ரொம்பிச்சுன்னு வை, பேக்கிங்குக்கு மாத்திடுவேன்."

பேக்கிங் என்றால் டப்பாவுக்குப் பன்னிரண்டு என்று எண்ணி அடுக்க வேண்டும். எண்ணியதை மறுபடி எண்ணாமல் என்னால் விட முடியாது. ஒரு டப்பாவை மூடுவதற்குள் சாயங்காலம் ஆகிவிடும். அங்கே போனால் ஒரே வாரத்தில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை.

மறுநாள் மத்தியான டீக்குக் கொஞ்சம் முன்னால் வாளி மறுபடி விளிம்புவரை வந்துவிட்டது. எதிரில் இருந்த பெண் கை கழுவப் போயிருந்தாள். படிக்கட்டில் சூப்பர்வைசர் யாருடனோ போனில் பேசிக்கொண்டே இறங்கும் சத்தம் கேட்டது. நான் குனிந்தேன். இரண்டு கையாலும் வாளியிலிருந்து ஒரு அள்ளு அள்ளி நீலத் தட்டில் போட்டேன். ஏழு பந்து இருக்கும், இல்லை எட்டு. எண்ணவில்லை. கல்லில் விட்டுப் பார்க்கவும் இல்லை.

அவர் வந்து வாளியை எட்டிப் பார்த்தார். "பாத்தியா? முடியுதுல்ல?" என்றார். தட்டை அவரே எடுத்துக்கொண்டு போய் மெஷின் பக்கத்தில் வைத்தார்.

கேஸுக்காக ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு ஓடுகிறவள் நான். அன்றைக்கு மெஷின் இருந்தது இருபது தப்படி தூரத்தில். பாதி எழுந்துகூட விட்டேன். போய் அந்தத் தட்டைக் கேட்டால் சூப்பர்வைசர் என்ன சொல்வார், எல்லோரும் எப்படிச் சிரிப்பார்கள் என்பது முதலில் மனதுக்கு வந்தது. உட்கார்ந்துவிட்டேன். அக்கா நீலத் தட்டைப் பார்த்தாள், கண்ணாடியைக் கழற்றினாள், ஆணியில் மாட்டினாள்.

கொஞ்ச நேரம் ஒன்றும் ஆகவில்லை. மூன்று நான்கு பந்து உரிந்து விழுந்தது. பழைய மாதிரி இதுவும் வீண் பயம்தான் என்று நினைத்து அடுத்த பந்தைக் கையில் எடுத்தேன். அப்போது ஒரு சத்தம், டியூப்லைட் வெடித்த மாதிரி. அக்கா முகத்தைப் பொத்திக்கொண்டு கீழே உட்கார்ந்தாள். விரல் இடுக்கில் வெள்ளையாகக் களிம்பு மாதிரி வழிந்தது. குழாயடிக்கு இழுத்துப் போய்த் தண்ணீர் விட்டோம். "எரியுதுடி, எரியுதுடி, ஊத்து" என்றாள். நான் ஊற்றினேன். அவள் இறுக்கிப் பிடித்திருந்தது என் கையைத்தான்.

மெட்ராஸில் கண் ஆஸ்பத்திரியில் பல நாள் இருந்தாள். வலது கண் போய்விட்டது. பார்த்தால் கண் இருக்கிற மாதிரிதான் இருக்கும், ஆனால் அதில் வெளிச்சம்கூடத் தெரியாது என்று சொல்லிவிட்டார்கள்.

கம்பெனியில் ஒரு காகிதம் தயார் செய்தார்கள். பக்கத்தில் இருந்தவள் என்று சாட்சிக் கையெழுத்துக்கு என்னை ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டார்கள். தமிழில்தான் டைப் அடித்திருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தேன். மெஷினில் வேலை செய்தவர் பாதுகாப்புக் கண்ணாடி அணியவில்லை என்றும், அதை நான் நேரில் பார்த்தேன் என்றும் இருந்தது. வாளியைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அதில் பொய் என்று எதுவுமே இல்லை. அது எனக்கு வசதியாகப் போயிற்று. போட்டேன். கதவுவரை போய்விட்டு, கையெழுத்து சரியாக விழுந்ததா என்று திரும்பி வந்து பார்த்தேன்.

இரண்டு மாதம் கழித்து அக்கா வேலைக்கு வந்தாள். பேக்கிங்கில் போட்டார்கள். மெஷினுக்கு இப்போது கெட்டிக் கண்ணாடியில் மூடி வந்துவிட்டது. ரயிலில் என்னை வலது பக்கம் உட்கார வைத்துக்கொள்வாள். "அந்தப் பக்கம் யாராச்சும் இடிச்சாதான் தெரியுது, நீ ஒக்காரு" என்பாள். ஒரு கண்ணை வைத்துக்கொண்டு அவளுக்கு ஆழம் பிடிபடவில்லை. டம்ளரில் தண்ணீர் ஊற்றினால் வெளியே போகும். ரயிலுக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று தெரியாது. அதனால் இறங்கும்போது நான் முன்னால் இறங்கித் திரும்பி நிற்பேன். அவள் என் தோளில் கையை ஊன்றி இறங்குவாள்.

என்னை ஒரு குறையும் சொல்லவில்லை. "கண்ணாடி போடாதது என் தப்பு" என்று அவளே சொல்லிவிடுவாள். ஆனால் ஒன்று மட்டும் அவளை விடவில்லை.

"நீலத் தட்டுடி அது. எனக்கு நல்லா ஞாபகம் கீது. உன் தட்டுல எப்டிடி வந்திச்சி?"

"தெரிலக்கா."

கொஞ்ச நாளில் அவளே ஒரு பதிலைக் கண்டுபிடித்துவிட்டாள். மஞ்சள் தட்டுப் பெண்தான் தன்னுடையதில் மந்தமாக விழுந்ததை என் தட்டில் தள்ளியிருக்கிறாள், அதனால்தான் அவள் வாளி எப்போதும் காலியாக இருந்தது. கேட்க நியாயமாகத்தான் இருந்தது. மற்றவர்களும் நம்பினார்கள். அந்தப் பெண் சாப்பிட உட்கார்ந்தால் எழுந்து போனார்கள். காதில் விழுகிற மாதிரி பேசினார்கள், "அடுத்தவ கண்ண நோண்டிட்டு எப்டிதான் சோறு எறங்குதோ." எதிரில் உட்கார்ந்து அவள் கல்லில் பந்தை விடுவாள். பந்து கல்லுக்கு வெளியே விழும். ஒரு நாள் குழாயடியில் என்னைப் பிடித்து நிறுத்தினாள்.

"அக்கா, நான் தள்ளலக்கா. எங்கம்மா மேல சத்தியமா தள்ளல. உனக்குத் தெரியும்ல? நீயாச்சும் சொல்லுக்கா." அழுதாள். நான் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்றைக்குச் சாயங்காலம் ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. திருவள்ளூரில் ஏறியதும் சொல்ல வேண்டும் என்று இருந்தேன். புட்லூர் தாண்டும்வரை வாய் வரவில்லை. அதற்குமேல் ஒரே ஸ்டேஷன்தான்.

"அக்கா, அந்தப் பொண்ணு தள்ளல. நான்தான். வாளில இருந்து அள்ளிப் போட்டேன். அவரு திட்டுவாருன்னு."

அவள் முகத்தின் வலது பக்கம்தான் எனக்குத் தெரிந்தது. அதில் என்ன இருக்கிறது என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டாள்.

"எத்தினி பந்து?"

"ஏழு... எட்டு இருக்கும்க்கா."

"எண்ணலியா நீ?"

"இல்லக்கா."

"நீ எண்ணலியா" என்று இன்னொரு தடவை, கேள்வி மாதிரி இல்லாமல், சொன்னாள்.

செவ்வாப்பேட்டை வந்தது. வழக்கம்போல முன்னால் இறங்கித் திரும்பி நின்று தோளைச் சாய்த்துக் கொடுத்தேன். அவள் கை பழக்கத்தில் முன்னால் வந்தது. அப்புறம் பின்னுக்குப் போய்க் கம்பியைப் பிடித்தது. ஒரு காலை வெளியே நீட்டி, காற்றில் துழாவினாள். பின்னால் நின்றவர்கள், "சீக்கிரம் எறங்கும்மா" என்று கத்தினார்கள். காலை வைத்தாள், தடுமாறினாள், எப்படியோ நின்றுவிட்டாள். புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு நடந்து போய்விட்டாள்.

மறுநாளே போய் மஞ்சள் தட்டுப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள். மற்றவர்களிடம் என்ன சொன்னாள் என்று தெரியாது. அந்தப் பெண்ணை யாரும் இப்போது எதுவும் சொல்வதில்லை. என்னையும் எதுவும் சொல்வதில்லை. விஷயம் சூப்பர்வைசரிடம் போகவில்லை போலிருக்கிறது. நான் அதே மேஜையில்தான் இருக்கிறேன். வாளி நிறைந்து வழிந்தாலும் அவர் இப்போது பேசாமல் தாண்டிப் போகிறார்.

அக்கா வேறு பெட்டியில் ஏறுகிறாள். செவ்வாப்பேட்டையில் ரயில் நின்றதும் நான் குதித்து இறங்கி, கூட்டத்தை இடித்துக்கொண்டு அவள் பெட்டி வாசலுக்குப் போவேன். அவளுடைய இரண்டு காலும் பிளாட்பாரத்தில் படும்வரை அங்கேயே நிற்பேன். தடுமாறினால் பிடிக்கிற தூரத்தில். அவளுக்கு வலது பக்கமாகத்தான் நிற்பேன். அந்தப் பக்கம் நின்றால் நான் நிற்பது அவளுக்குத் தெரியாது.