எங்கள் ராகிக் கொல்லையில் ஒரு சரித்திரப் பிரியரின் சாம்பல்

வாசகசாலைப் பலகையில் இதை ஒட்டுகிறேன். படிப்பவர்களே நியாயம் சொல்லுங்கள்.

இன்று காலை ராயக்கோட்டை மலையடியில் எங்கள் ராகிக் கொல்லையில் களையெடுப்பு. பெங்களூரிலிருந்து பிளஷர் காரில் வந்த ஒரு பெரியவர், யாரையும் கேட்காமல் உள்ளே நுழைந்து, மண்கலயத்திலிருந்து சாம்பலை அள்ளிப் பயிர்மேல் தூவினார்.

“என்னங்க இது?” என்று ஓடினேன்.

“எங்க அண்ணா அஸ்தி. சரித்திரம்னா அவருக்கு உயிர். இந்தக் கோட்டைக்காகப் பழைய சண்டை நடந்த மண்ணுலதான் கலக்கணும்னு சொல்லிட்டுப் போனார். உங்களுக்கும் பெருமைதானே?”

பெருமையாம்!

களையெடுத்த பெண்கள் எட்டுப் பேரும் களைக்கொத்தைப் போட்டுவிட்டுத் தலைமுழுகக் கிளம்பிவிட்டார்கள். தீட்டுக் கழிக்காமல் இனி அந்தக் கொல்லையில் கால் வைக்க மாட்டார்களாம். அதுவரை களை வளராமல் காத்திருக்குமா?

போகும்போது அவர்களில் மூத்தவளான முனியம்மா அவரிடம் கேட்டாள்: “இங்க வெட்டுப்பட்டுச் செத்தவங்களுக்குப் பால் தெளிக்க ஒருத்தரும் வரலீங்க. அந்தச் சண்டையைப் புஸ்தகத்துல படிச்சவருக்கு மட்டும் இவ்ளோ மரியாதையா?”

அவர் காரில் ஏறிவிட்டார்.

எனக்கும் ரோஜா என்றால் உயிர். பெங்களூர்க்காரர் வீட்டில் ரோஜாத் தோட்டம் இல்லாமலா இருக்கும்? நான் செத்தால் என் சாம்பலை அவர் வீட்டு ரோஜாத் தோட்டத்தில் தூவிவிடுங்கள், கேட்காமலே. விலாசம் தெரிந்தவர்கள் இதன் கீழே எழுதுங்கள்.