பேக்கப் 94 சதவீதம்

அப்டேட் போடச் சொல்லி ஒரு வாரமாகப் போன் நச்சரித்தது. நான் விற்கும் சுங்குடிச் சேலைகளின் ஆர்டர் எல்லாம் அதில்தான்.

"மொதல்ல பேக்கப் எடுத்துருங்கக்கா. இல்லாட்டி போட்டோ, அட்ரஸ் அம்புட்டும் போயிரும்" என்று செல்போன் கடைக்காரர் பயமுறுத்தினார்.

இன்று காலை பத்து மணிக்குப் பேக்கப் போட்டேன். என் டேட்டா தீர்ந்துவிட்டதால், வீட்டுக்காரர் போனிலிருந்து ஹாட்ஸ்பாட்.

ஒரு சேலைக்கு முந்தி, பார்டர், உடல் என்று மூன்று போட்டோ. அதிலேயே வட்டம் போட்டு, "இது இருக்கா?" என்று திருப்பி அனுப்புகிறவர்கள் வேறு. அத்தனையும் ஏற வேண்டுமே! சமைத்தேன், துவைத்தேன், காயப்போட்டேன். மூன்றரை மணிக்கு 94.

அதோடு நின்றுவிட்டது. அரை மணி நேரம் அதையே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்காரர் கூப்பிட்டார். "பைக்ல அகரம் வரைக்கும் வந்தேன். பேக்கப் முடிஞ்சிருச்சா?"

"எப்படி முடியும்? நெட்டு உங்க சட்டைப் பையிலதான இருக்கு!"

"அடடா... செத்த நேரத்துல வாரேன்."

ஆறு மணிக்கு வந்தார். மறுபடி முதலிலிருந்து ஓடுகிறது.

இந்த முறை அவருடைய பைக் சாவியை ஒளித்துவைத்திருக்கிறேன். எங்கே என்று மட்டும் கமெண்டில் கேட்காதீர்கள். அவரும் இங்கேதான் படிக்கிறார்.