சாரன் கட்டிய கள்ளனின் உயரம்

இதை எழுதாமலே விட்டிருப்பேன். நினைத்தாலே எரிச்சல் வருகிறது. ஆனால் ஊரில் ஆளுக்கொரு விதமாய்க் கதை போகிறது.

மாமாங்கக் கோயில் தீர்த்தத்தன்று அமிர்தகழிச் சனமெல்லாம் குளத்தடியில் நின்ற நேரம். என் கூட்டாளியின் பூட்டிய கடை வாசலில் நின்ற வாத்தியாரின் மோட்டார் சைக்கிளை ஒருவன் கொண்டு போய்விட்டான். கடைக் கமராவில் ஆள் நெட்டையாய்த் தெரிகிறான். முகம் மட்டும் துவாய்த் துண்டுக்குள். எங்கள் பக்கத்தில் உயரமானவன் நான்தான் என்று பொலிஸ் என் பாஸ்போட்டை வாங்கி வைத்துக்கொண்டது. கட்டார் பயணமோ நெருங்கிக்கொண்டிருந்தது.

திருவிழா முடிந்த பிறகு, உடம்பை அளந்து வீடியோவில் ஆள் பிடிக்கிறவர் ஒருவர் கொழும்பிலிருந்து கடை வாசலுக்கே வந்தார். மடிக்கணினியில் கள்ளனின் தோள், இடுப்பு என்று கோடு கீறிக்கொண்டு போனவர் பாதியில் நின்றார்.

"சாரன் கட்டியிருக்கான். முழங்கால் எங்கன்னு தெரியல்ல."

"அதுக்கு நான் என்ன சேர் செய்யிற? அவனக் கூப்பிட்டு மடிச்சுக் கட்டச் சொல்லுங்க."

கூட நின்ற பொலிஸ்காரர் முறைத்தார். "பாஸ்போட் வேணுமெண்டா வாயப் பொத்து தம்பி."

மிஞ்சியது உயரம் மட்டும். வீடியோவில் கள்ளனின் தலை கடைப் பெயர்ப்பலகையின் அடியைத் தொடுகிறது. கொழும்புக்காரர் நிலத்திலிருந்து பலகை வரை நாடா பிடித்தார். பிறகு என்னை அதே இடத்தில் நிறுத்தினார். என் தலையும் தொட்டது.

"நல்லா நிமிந்து நில்லுங்க."

"இன்னும் நிமிந்தா பலகை கழண்டு விழும் சேர்."

திரும்பத் திரும்ப அளந்தார். ஒவ்வொரு தரமும் நான்தான் கள்ளன். கூட்டாளி கடைக்குள் இருந்து விசுக்கோத்துத் தின்றபடி வேடிக்கை பார்த்தான்.

அலுத்துப்போய் மடிக்கணினியை எட்டிப் பார்த்தேன். வீடியோவில் வாசலுக்கு ஒரு படிதான். இங்கே நான் நிற்கிற நிலத்திலிருந்து இரண்டு படி.

"சேர், படிய எண்ணுங்க!"

சாமி வருகிற வீதியில் வாசலுக்கு வெள்ளைமணல் கொட்டிப் பரப்புவது எங்கள் வழக்கம். அன்று கீழ்ப்படி அந்த மணலுக்குள் கிடந்தது. கள்ளன் நின்றது மணலின் மேல். திருவிழா முடிந்து மணலை அள்ளிய பிறகு வந்து நிலத்திலிருந்து அளந்தால், ஒரு படி உயரம் அவனுக்குச் சும்மா கிடைக்கும்தானே! கழித்துப் பார்த்தால் அவன் என் காதுக்குக்கூட வரமாட்டான்.

கொழும்புக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பொலிஸ்காரர், "நாளைக்கு வந்து பாஸ்போட்ட எடு," என்றார், ஏதோ எனக்குப் பரிசு தருகிறவர் போல.

எனக்குக் கோபமெல்லாம் கூட்டாளி மேல் திரும்பியது.

"உன்ட கட வாசல், நீ கொட்டின மண். இவ்வளவு நேரமும் பாத்துக்கொண்டு இருந்தியே, ஒரு வார்த்த பறைஞ்சா என்னடா?"

"மண் அள்ள வா வா எண்டு தொண்ட கிழியக் கூப்பிட்டனே மச்சான், வந்திருந்தா உனக்கே ஞாபகம் இருந்திருக்கும்!"